முதல் 25 மீட்டரில் ஏன் மூச்சு வாங்குகிறது?

ஐந்து கிலோமீட்டர் நிற்காமல் ஓடக்கூடிய ஒருவர் நீச்சல் குளத்தில் இறங்குகிறார். இந்த முனைக்கும் அந்த முனைக்கும் இடையே 25 மீட்டர். பாதி தூரம் தாண்டுவதற்குள் கை வீச்சு கலைகிறது, தலை மேலே எழும்புகிறது. சுவரைப் பிடித்ததும் மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்க, இரண்டு நிமிடம் அப்படியே தொங்கிக்கொண்டிருக்கிறார். பக்கத்து லேனில் அறுபதைத் தாண்டிய ஒரு பெண்மணி அவசரமே இல்லாமல் இருபதாவது முறையாகச் சுவரைத் தொட்டுத் திரும்புகிறார். நீச்சல் குளத்துக்குப் போய்வரும் எவரும் பார்த்திருக்கக்கூடிய காட்சி இது. ஓட்டக்காரரின் இதயம் வலுவானது. அதை அவர் தரையில் நிரூபித்திருக்கிறார். தண்ணீரில் மட்டும் அது எங்கே போயிற்று?

காரணத்தை இதயத்தில் தேடினால் கிடைக்காது. தண்ணீருக்குள் முகம் இருக்கும்போது அவர் தன் மூச்சை என்ன செய்கிறார் என்று கவனியுங்கள்.

நீச்சல் முழு உடலுக்கும் நல்ல பயிற்சி என்று எல்லோரும் சொல்கிறார்கள். உண்மைதான். ஆனால் புதிதாகத் தொடங்குகிறவருக்கு அந்த வாசகம் ஒரு முக்கியமான விஷயத்தை மறைத்துவிடுகிறது. மெதுவாக நீந்தத் தெரியும்வரை நீச்சல் ஓர் ஏரோபிக் பயிற்சியாக ஆவதில்லை. அரை நிமிடப் போராட்டம், இரண்டு நிமிட இளைப்பாறல், மறுபடி போராட்டம் என்றுதான் அது நடக்கிறது. ‘எனக்கு நீச்சல் ஒத்துவராது’ என்று மூன்றாவது வாரத்தில் குளத்தை விட்டுப் போகிற பலர் உண்மையில் நீச்சலைத் தொடங்கவே இல்லை. அதை நினைத்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது. அவர்களைத் தடுத்திருக்கக்கூடிய விளக்கம் அவ்வளவு சிறியது.

எது ஏரோபிக்?

ஏரோபிக் என்ற சொல்லைப் பொதுமக்களின் பேச்சுக்குக் கொண்டுவந்தவர் அமெரிக்க விமானப்படை மருத்துவராக இருந்த கென்னத் கூப்பர். 1968-இல் அவர் முன்வைத்த பயிற்சிகளில் நடை, ஓட்டம், சைக்கிள் ஆகியவற்றோடு நீச்சலும் இருந்தது. உடலின் பெரிய தசைகளை, ஆக்சிஜன் வரத்து தேவைக்கு ஈடுகொடுக்கும் வேகத்தில், பல நிமிடங்கள் இடைவிடாமல் இயக்குவதே ஏரோபிக் பயிற்சி. இதயம், நுரையீரல், ரத்தக் குழாய்கள், தசைகளுக்குள் ஆற்றல் தயாரிக்கும் நுண்ணுறுப்புகள் எல்லாம் இதனால் மெல்ல மெல்லத் திறன் கூடுகின்றன.

முழு மூச்சாக இயங்கும்போது தசையில் கையிருப்பாக இருக்கும் ஆற்றல் சுமார் பத்து விநாடிகளுக்குத்தான் தாங்கும். அடுத்த ஒன்றிரண்டு நிமிடங்களில் ஆக்சிஜனுக்குக் காத்திராமல் சர்க்கரையை உடைக்கும் வழியை உடல் பெரிதும் நம்பியிருக்கிறது. அது வேகமான வழி, ஆனால் நீடிக்காது. ஆக்சிஜன் வழி பொறுப்பை ஏற்றுக்கொள்ளச் சற்று நேரம் ஆகும். முப்பது விநாடியில் களைத்து நின்றுவிடுகிறவர் அந்த இடத்துக்குப் போய்ச் சேர்வதே இல்லை. ஓடத் தொடங்குகிறவருக்கு இந்தச் சிக்கல் கிடையாது. மூச்சு வாங்கினால் நடக்கலாம். தண்ணீரில் நடைக்கு ஈடான ஒன்றைத் தனியாகக் கற்றுக்கொண்டுதான் ஆக வேண்டும்.

தண்ணீர் வாங்கும் விலை

தண்ணீர் காற்றைவிடச் சுமார் 800 மடங்கு அடர்த்தியானது. அதைப் பிளந்துகொண்டு போகிற உடலுக்கு எதிர்ப்பு, வேகத்தின் இருமடியாக ஏறுகிறது. அந்த எதிர்ப்பை வெல்லச் செலவழிக்க வேண்டிய திறன் ஏறத்தாழ வேகத்தின் மும்மடியாக ஏறுகிறது. இரண்டு மடங்கு வேகமாகப் போக எட்டு மடங்கு உழைப்பு வேண்டும். இதையே திருப்பிப் பார்த்தால் தொடங்குகிறவருக்கு நல்ல செய்தி கிடைக்கும்: வேகத்தில் பத்தில் ஒரு பங்கைக் குறைத்தால் உழைப்பில் நான்கில் ஒரு பங்குக்கும் மேல் மிச்சமாகிறது. தரையில் இப்படி ஒரு சலுகை கிடையாது.

அடுத்தது உடலின் கிடை. மூச்சு நிறைந்த நெஞ்சுதான் நம் மிதவை. உடலின் எடை மையமோ இடுப்பை ஒட்டி இருக்கிறது. அதனால் குப்புறப் படுத்து அசையாமல் இருந்தால் நெஞ்சு மிதக்கும், கால்கள் தாழும். பெரும்பாலோருக்கு, குறிப்பாக ஒல்லியான ஆண்களுக்கு, இப்படித்தான். கால்கள் தாழ்ந்த உடல் தண்ணீரைச் சாய்வான பலகை போலத் தள்ளிக்கொண்டு போகிறது, எதிர்ப்பு பெருகுகிறது. இதைச் சமாளிக்கத் தொடங்குகிறவர் காலைப் படபடவென்று அடிக்கிறார். தொடைத் தசைகள் உடலிலேயே பெரியவை, ஆக்சிஜனை அள்ளிக் குடிப்பவை. முழங்காலை மடக்கி அடிக்கும் அந்த உதையால் முன்னேற்றம் சொற்பம், செலவு ஏராளம்.

இவை இரண்டும் சேர்ந்தாலும்கூட அந்த ஓட்டக்காரரை 25 மீட்டரில் வீழ்த்தியிருக்காது. வீழ்த்துவது மூச்சு.

தரையில் மூச்சு விடுவதைப் பற்றி நாம் யோசிப்பதில்லை. தண்ணீரில் முகத்தை வைத்த கணத்தில் உடம்பு தானாகவே மூச்சைப் பிடித்துக்கொள்கிறது. அது பழைய, நியாயமான எச்சரிக்கை உணர்வு. நெஞ்சு நிறையக் காற்றோடு மூன்று கை வீச்சு போடுகிறார். உள்ளே ஆக்சிஜன் தீர்ந்துவிடவில்லை, ஆனால் கரியமில வாயு சேர்ந்துகொண்டே போகிறது. மூச்சு முட்டுகிறது என்ற தவிப்பை முதலில் கிளப்புவது ஆக்சிஜன் குறைவைவிடக் கரியமில வாயுவின் சேர்மானமே. இப்போது தலையைத் திருப்புகிறார். வாய் தண்ணீருக்கு வெளியே இருப்பது ஒரு விநாடிக்கும் குறைவு. அதற்குள் பழைய காற்றையும் வெளியே விட வேண்டும், புதியதையும் இழுக்க வேண்டும். இரண்டும் அரைகுறையாக முடிகின்றன. நான்காவது, ஐந்தாவது முறைக்குள் பதற்றம் வந்துவிடுகிறது. இன்னும் கொஞ்சம் காற்று வேண்டுமென்று தலையை மேலே தூக்குகிறார். தலை தூக்கியதும் இடுப்பு தாழ்கிறது. இடுப்பு தாழ்ந்ததும் எதிர்ப்பு ஏறுகிறது. எதிர்ப்பை வெல்ல உதை வேகமாகிறது. உதை வேகமானதும் மூச்சின் தேவை இன்னும் ஏறுகிறது. சுவர் வந்துவிடுவதால் மட்டுமே இந்தச் சுழற்சி அறுபடுகிறது.

பக்கத்து லேன் பெண்மணியின் முகத்துக்குக் கீழே பாருங்கள். சிறு குமிழிகள் ஒரு சரம் போல இடைவிடாமல் வந்துகொண்டிருக்கும். முகம் தண்ணீரில் இருக்கும் நேரம் முழுவதும் அவர் மூச்சை வெளியே விட்டுக்கொண்டே இருக்கிறார். தலை திரும்பும்போது நெஞ்சில் இடம் காலியாக இருக்கிறது; காற்று தானாக உள்ளே போகிறது. அவருக்கும் ஓட்டக்காரருக்கும் இடையில் உள்ள வித்தியாசத்தின் பெரும்பகுதி அந்தக் குமிழிச் சரம்தான்.

சுவரைப் பிடித்துக்கொண்டு தொடங்குவது

ஆகவே முதல் பயிற்சிக்கு நீந்தவே வேண்டாம். நெஞ்சளவுத் தண்ணீரில் நின்று, ஒரு கையால் சுவரைப் பிடித்து, முகத்தை வைத்து ‘ம்ம்ம்’ என்று முனகியபடி மூக்கால் காற்றை விடுங்கள். முனகும்போது காற்று வெளியேறியே ஆக வேண்டும், தண்ணீர் மூக்கில் ஏறாது. காற்று தீரும் தறுவாயில் முகத்தைப் பக்கவாட்டில் திருப்பி, வாயால் சட்டென்று இழுத்துக்கொண்டு, மறுபடி முகத்தை வையுங்கள். இடையில் நிறுத்தாமல் முப்பது முறை செய்து பாருங்கள். நான் பழகிய நாட்களில் பத்தாவது முறைக்குள் இந்தத் தாளம் உடைந்துவிடும்; எங்கோ ஓரிடத்தில் மூச்சைப் பிடித்திருப்பேன், அடுத்த முறை இழுக்க இடமிருக்காது. முப்பதும் தடுமாறாமல் வந்த நாளில்தான், நிற்கும்போதே இது கைகூடாதவருக்கு நீந்தும்போது எப்படிக் கைகூடும் என்பது எனக்குப் புரிந்தது. அவசரப்பட்டு இதைத் தாண்டிப் போகாதீர்கள்.

அதன்பிறகு பார்வை. எதிர்ச்சுவரை எட்டிப் பார்க்காமல் குளத்தின் தரையைப் பாருங்கள். பிடரி நீண்டிருக்க வேண்டும். தலை தாழ்ந்தால் இடுப்பு தானாக மேலே வரும். உதையை மென்மையாக்குங்கள், நீண்ட தூரம் நீந்தும்போது கால்களின் முதல் வேலை உடலைக் கிடையாக வைத்திருப்பது, தள்ளுவது அல்ல. காகிள்ஸ் அணிவது வசதிக்காக மட்டுமன்று. கண் தெளிவாகத் தெரிந்தால் பதற்றம் குறைகிறது, பதற்றம் குறைந்தால் மூச்சு நீள்கிறது.

எந்த நீச்சல்? குப்புறக் கிடந்து கைகளை மாற்றி மாற்றி வீசும் கிரால் நன்கு பழகிவிட்டால் அதைப் போலச் சிக்கனமானது வேறில்லை, ஆனால் மூச்சு விஷயத்தில் அதுதான் கண்டிப்பானது. மல்லாந்து நீந்தும் பேக் ஸ்ட்ரோக்கில் முகம் எப்போதும் மேலே இருப்பதால் மூச்சுத் தொல்லை இல்லை. எங்கே போகிறோம் என்பது மட்டும் தெரியாது. இரு கைகளையும் ஒன்றாக விரித்துத் தவளை போல உதைக்கும் பிரெஸ்ட் ஸ்ட்ரோக்கில் ஒவ்வொரு வீச்சுக்கும் மூச்சு கிடைக்கிறது, நடுவே சறுக்கிப் போகும் ஓய்வும் கிடைக்கிறது. அதைத் தாழ்வாக எண்ண வேண்டாம். எந்தச் செயற்கைத் துணையும் இல்லாமல் ஆங்கிலக் கால்வாயை முதன்முதலில் நீந்திக் கடந்த மேத்யூ வெப், 1875 ஆகஸ்டில் 21 மணி 45 நிமிடம் நீந்தியது பிரெஸ்ட் ஸ்ட்ரோக்கில்தான். அதன் தவளை உதை முழங்காலின் உட்பக்கத்தை வருத்தும். முன்பே முழங்கால் வலி உள்ளவர்கள் கவனமாக இருக்க வேண்டும். பட்டர்ஃபிளையை இப்போதைக்கு மறந்துவிடலாம்.

ஒரு முனை கிரால், மறு முனை பிரெஸ்ட் ஸ்ட்ரோக் அல்லது பேக் ஸ்ட்ரோக் என்று மாற்றி மாற்றிப் போவதைத்தான் நான் பரிந்துரைப்பேன். ஓட்டக்காரர் நடுவே நடப்பதைப் போல, நீந்துகிறவருக்கு இளைப்பாறல் நீச்சல் ஒன்று வேண்டும். எந்த நீச்சலும் வராதவர்கள் நெஞ்சளவுத் தண்ணீரில் கைகளை வீசி வேகமாக நடக்கலாம். அந்த ஆழத்தில் கால்கள் தாங்குவது உடல் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான், ஆனால் தண்ணீரைத் தள்ளிக்கொண்டு நடப்பதால் இதயத்துக்கு உண்மையான வேலை இருக்கிறது. மூட்டுவலி உள்ளவருக்கும் உடல் எடை மிகுந்தவருக்கும் இது அரிய வாய்ப்பு.

தொடக்கத்தில் தூரத்தைத் திட்டமிடாதீர்கள்; இடைவேளையைத் திட்டமிடுங்கள். 25 மீட்டர் நீந்தி முக்கால் நிமிடம் நிற்பது எட்டு முறை வருகிறதென்றால், அடுத்த வாரம் அதே எட்டு முறையை அரை நிமிட இடைவேளையோடு செய்யுங்கள். பிறகு கால் நிமிடம். வேகத்தைத் தொடவே வேண்டாம். இடைவேளை கரைந்துவிட்ட இடத்தில் இரண்டு நீளங்கள் ஒட்டிக்கொண்டு 50 மீட்டர் ஆகும். வாரத்தில் மூன்று நாள், ஒரு நாளைக்கு இருபது முப்பது நிமிடம் போதும். வாரத்தில் ஏழாவது நாளில் ஒரேயடியாக ஒரு மணி நேரம் என்பதைவிட இது எவ்வளவோ மேல்; மூச்சின் தாளம் அடிக்கடி பழகினால்தான் உடம்பில் தங்கும். பெரியவர்களுக்கு வாரத்துக்கு 150 முதல் 300 நிமிட மிதமான ஏரோபிக் பயிற்சி வேண்டுமென்கிறது உலகச் சுகாதார நிறுவனத்தின் 2020 வழிகாட்டுதல். சுவரைப் பிடித்துப் பேசிக்கொண்டிருக்கும் நேரத்தை அதில் சேர்க்க முடியாது. நீச்சலில் எட்டாத நிமிடங்களை நடையால் நிரப்பிக்கொள்ளலாம்.

தண்ணீரில் நாடி வேறு கணக்கு

கழுத்தளவுத் தண்ணீரில் நின்றால் நீரின் அழுத்தம் கால்களிலும் வயிற்றிலும் உள்ள ரத்தத்தை நெஞ்சை நோக்கித் தள்ளுகிறது. இந்த இடப்பெயர்ச்சி சுமார் 700 மில்லிலிட்டர். இதயத்துக்குத் திரும்பி வரும் ரத்தம் கூடுவதால் ஒவ்வொரு துடிப்பிலும் அது அதிகம் வெளியேற்றுகிறது. அதே வேலைக்குக் குறைந்த துடிப்புகள் போதுமானவையாகின்றன. படுத்த நிலையும் நீரின் குளிர்ச்சியும் இதற்குத் துணை செய்கின்றன. அதனால் நீந்தும்போது எட்டக்கூடிய உச்ச நாடித்துடிப்பு, ஓடும்போது இருப்பதைவிடப் பொதுவாக நிமிடத்துக்குப் பத்து துடிப்புகள் அளவுக்குக் குறைவு. ஓட்டத்துக்கான இலக்கை அப்படியே குளத்துக்குக் கொண்டுவந்தால் நம்மை நாமே அளவுக்கு மீறி விரட்டுவோம்.

220-இல் இருந்து வயதைக் கழிக்கும் பழைய கணக்கு தோராயமானது, என்றாலும் தொடங்குவதற்கு உதவும். நாற்பது வயதுக்காரருக்கு 180. நீச்சலுக்காகப் பத்தைக் குறைத்தால் 170. அதில் 65 முதல் 75 சதவீதம் என்றால் நிமிடத்துக்கு 110 முதல் 128 வரை. சுவரைத் தொட்டதும் கழுத்தில் விரல் வைத்துப் பத்து விநாடி எண்ணினால் 18 முதல் 21 துடிப்புகள் வர வேண்டும். உடனே எண்ணுங்கள், நாடி விரைவில் இறங்கிவிடும். எண்ணப் பிடிக்காதவர்களுக்கு ஸ்வீடன் உளவியலாளர் குன்னர் போர்க் வகுத்த 6 முதல் 20 வரையிலான உழைப்பு அளவுகோல் இருக்கிறது. அதில் 13 என்பது ‘ஓரளவு கடினம்’; அதைத் தாண்டாமல் இருந்தால் சரி. அதைவிட எளிய சோதனை ஒன்று உண்டு. சுவரைப் பிடித்ததும் ஒரு முழு வாக்கியத்தை நடுவில் மூச்சுக்காக நிறுத்தாமல் சொல்ல முடிகிறதா? முடிந்தால் சரியான வேகத்தில் இருக்கிறீர்கள்.

நெஞ்சுக்குக் கூடுதல் ரத்தம் வருவதை உடல் ‘நீர் மிகுந்துவிட்டது’ என்று புரிந்துகொண்டு சிறுநீரகங்களை முடுக்கிவிடுகிறது. குளத்தில் இறங்கிய சற்று நேரத்தில் சிறுநீர் கழிக்கத் தோன்றுவதற்கு இதுவும் ஒரு காரணம். தண்ணீருக்குள்ளும் வியர்க்கிறது, ஆனால் தெரிவதில்லை. ஆகவே குடிநீர் பாட்டிலைக் குளத்தின் விளிம்பில் வைத்துக்கொள்ளுங்கள். இறங்குவதற்கு முன் கழிப்பறைக்குப் போவதும் உடம்பைக் கழுவுவதும் மற்றவர்களுக்குச் செய்யும் மரியாதை. மூக்கைத் துளைக்கும் அந்த ‘குளோரின் வாடை’ பெரும்பாலும் குளோரின், வியர்வையோடும் சிறுநீரோடும் சேர்ந்து உண்டாகும் குளோரமின்களின் வாடை. கண் எரிச்சலுக்கும், சிலருக்கு ஆஸ்துமா தூண்டப்படுவதற்கும் அவையே காரணம்.

நீச்சல் தராதவை

எடையைத் தாங்காத பயிற்சி என்பதே நீச்சலின் பெருமை, அதுவே அதன் குறையும். எலும்பு உறுதிப்படுவதற்கு அதன்மேல் பளு விழ வேண்டும். தண்ணீரில் அது விழுவதில்லை. நீச்சல் மட்டுமே செய்கிறவர்கள் வாரத்தில் இரண்டு நாள் நடை, படியேறுதல், பளு தூக்கும் பயிற்சி எதையாவது சேர்த்துக்கொள்வது நல்லது. மாதவிடாய் நின்ற பெண்களுக்கு இது இன்னும் முக்கியம். எடை குறைப்பதற்காக வருகிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். குளிர்ந்த நீரில் நீந்திவிட்டு வந்தால் பசி வழக்கத்தைவிட மூர்க்கமாக இருக்கும். என்ன சாப்பிடுவது என்பதைக் குளத்துக்குப் போவதற்கு முன்பே முடிவு செய்துவிடுங்கள்.

இதய நோய், கட்டுக்குள் வராத ரத்த அழுத்தம், வலிப்பு நோய் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இறங்கக் கூடாது. மேலே சொன்ன 700 மில்லிலிட்டர், பலவீனமான இதயத்துக்குத் திடீர்ச் சுமை. உயிர்காப்பாளர் இல்லாத குளத்தில் தனியாக நீந்துவது யாருக்குமே கூடாது.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். மூச்சை வளர்க்கிறேன் என்று வேகவேகமாகப் பலமுறை மூச்சிழுத்துவிட்டு நீருக்கடியில் தம் பிடித்து நீந்தும் பழக்கம் உயிரைப் பறிக்கும். அப்படி மூச்சிழுப்பதால் ஆக்சிஜன் குறிப்பிடும்படி கூடுவதில்லை; கரியமில வாயு மட்டும் வெளியேறிவிடுகிறது. தவிப்பை எழுப்பி நம்மை மேலே வரச் செய்யும் மணி அதுதான். மணி ஒலிக்காமலே ஆக்சிஜன் தீர்ந்து, நீருக்குள் நினைவு தப்பிவிடுகிறது. நன்றாக நீந்தத் தெரிந்த இளைஞர்களும் இப்படி இறந்திருக்கிறார்கள். ஏரோபிக் திறனுக்கும் இந்தப் பழக்கத்துக்கும் எந்தத் தொடர்பும் இல்லை.

முன்னேற்றம் படிப்படியாக வரும் என்று எதிர்பார்க்காதீர்கள். பல வாரங்கள் 25 மீட்டரிலேயே நின்றிருந்த எனக்கு, ஒரே வாரத்தில் அது எட்டு நீளங்களாயிற்று. ஒரு வாரத்தில் இதயம் எட்டு மடங்கு வலுப்பெற்றிருக்க வழியில்லை. மூச்சை வெளியே விடுவது நினைக்காமலே நடக்கத் தொடங்கியிருந்தது, அவ்வளவுதான். அதற்குப் பிறகு வந்த மாதங்களில்தான் இதயத்துக்கான வேலை நடந்தது. காலையில் எழுந்ததும் எண்ணும் நாடி மெல்லக் குறைந்துவந்ததில் அது தெரிந்தது.

கடைசி நீளத்தை எப்போதும் மிக மெதுவாக, மல்லாந்தோ பிரெஸ்ட் ஸ்ட்ரோக்கிலோ முடியுங்கள். ஏணியைப் பிடித்து ஏறும்போது மேல் படியில் சில விநாடிகள் நில்லுங்கள். நீரின் அழுத்தம் நீங்கியதும் நெஞ்சுக்கு வந்திருந்த ரத்தம் கால்களுக்குத் திரும்பி இறங்குகிறது. சிலருக்குத் தலை லேசாகச் சுற்றும். கம்பியை விடாமல் இரண்டு மூச்சு இழுத்துவிட்டால் சரியாகிவிடும்.